நாமகள் யாருக்கு அருள்வாள்?



கோடை விடுமுறையில், சுருத பஞ்சமிக்குச் சில நாள்கள் முன்னர், பேத்தி முறையுள்ள சிறுமி ஒருத்தி ஆலத்தியூரில் உள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். பள்ளியில் கவிதைப் போட்டி நடந்ததாகவும், கைப்பேசியில் தேடி எடுத்த பாடல் ஒன்றையே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் கூறினாள். “நீயே எழுதியிருக்கலாமே, அம்மா?” என்று கேட்டோம். “எனக்குக் கவிதை வராது பாட்டி. சரசுவதி அருள் இருந்தால்தானே வரும்?” என்றாள். அவள் குரலில் வருத்தமில்லை. முடிந்துபோன செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுவே எமக்கு வருத்தத்தைத் தந்தது.

அவள் வினா எளியதன்று. கவிதை எங்கிருந்து வருகிறது? தெய்வம் தருவதா, பிறவியிலேயே வருவதா, கற்றுப் பெறுவதா? நாமகளைப் பற்றி நம் சமயம் கூறுவது யாது? இவற்றை நம் இல்லத்துச் சிறார்க்கு விளங்குமாறு இப்பாடத்தில் காண்போம்.

பிறர் கண்ட கலைத்தெய்வம்

கிரேக்க நாட்டார் பாட்டுக்கும் பிற கலைகளுக்கும் தலைவியராக ‘மியூஸ்’ என்னும் பெயருடைய ஒன்பது மங்கையரைக் கொண்டனர். ஓமர் பாடியவை எனப்படும் இரு பெருங்காப்பியங்களும் இத்தெய்வத்தை அழைத்தே தொடங்குகின்றன. எசியோட் என்னும் புலவர், எலிக்கான் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்திருந்த தமக்கு இம்மங்கையரே பாட்டை ஊட்டினர் என்று கூறினார். பிளேட்டோ என்னும் பேரறிஞர் காந்தக்கல்லை உவமையாகக் கொண்டு இதனை விளக்கினார். காந்தம் ஓர் இரும்பு வளையத்தை ஈர்க்க, அவ்வளையம் மற்றொன்றை ஈர்ப்பது போலத் தெய்வம் புலவனை ஈர்க்கிறது. புலவன் கேட்போரை ஈர்க்கிறான். புலவன் தன் வயத்தில் இருந்து பாடுவதில்லை என்பது அவர் கருத்து.

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறுகள் பல உண்டு. திருவானைக்காவில் அம்மையின் தாம்பூலம் பெற்றுக் காளமேகம் கவி பாடினார் என்பர். ஐந்து அகவை வரை பேசாதிருந்த குமரகுருபரர் செந்தூரில் வாய் திறந்து பாடினார் என்பர். பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் நாமகளுக்கென்றே ஒரு கோயில் உள்ளது. அவ்வூரை ஒட்டக்கூத்தர் பெயரோடு சேர்த்துப் பேசுவர். அண்டை வீட்டாரின் நம்பிக்கைகளை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகளும் அக்கோயில்களின் வழியே பள்ளிக்குச் செல்கின்றனர். எனினும், நம் நெறி இதனை எவ்வாறு பார்க்கிறது என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

கிரேக்கர் கதையில் ஒரு குறிப்பு மட்டும் நம் கருத்துக்கு மிக அணித்தாக உள்ளது. அவ்வொன்பது மங்கையரின் தாய் யார்? நிமோசினி என்பவள். அப்பெயருக்கு நினைவு என்பதே பொருள். பாட்டு, நினைவின் மகள். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நம் நாமகள் கையில் இருப்பது

இந்நாள் வரை கிடைத்துள்ள சரசுவதி சிலைகளுள் மிகப் பழையது எனக் கருதப்படுவது, சமணர் செய்து வைத்த சிலையே. வட நாட்டு மதுரா நகரை அடுத்த கங்காளி மேட்டில், பழைய ஜினாலயச் சின்னங்களோடு அது அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் பீடத்தில் 54 ஆம் ஆண்டு எனப் பொறித்திருப்பதைக் குசாணர் கால ஆண்டாகக் கொண்டு கி.பி. 132 எனக் கணக்கிடுவர். இப்போது லக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளது. தலை உடைந்துபோயிற்று. வீணை இல்லை, இடக்கையில் உள்ளது சுவடி. அதனைச் செய்வித்தவர் அரசரோ வணிகரோ அல்லர். உலோக வேலை செய்யும் ஒரு கொல்லர். ஆகமம் ஓதும் முனிவர் ஒருவரின் அறிவுரையால் அக்கொடையைச் செய்தார் என்று பீடத்து எழுத்துகள் கூறுகின்றன. நாளெல்லாம் உலைக்களத்தில் உழைத்த ஒருவர், சுவடி ஏந்திய தேவியின் வடிவத்தைச் செய்து தந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நெறியில் இத்தேவி சுருத தேவி எனப்படுவாள். பகவானின் திருமொழியே அவள் வடிவம். பன்னிரண்டு அங்க ஆகமங்களே அவளுடைய உறுப்புகள் என்பது மரபு. ஆகவே அவளை வழிபடுதல் என்பது ஆகமத்தைப் போற்றுதல், ஓதுதல், படியெடுத்தல், பிறர்க்கு ஓதுவித்தல் ஆகும். அருகப் பெருமான் எவர்க்கும் வரம் அளிப்பவர் அல்லர். விருப்பும் வெறுப்பும் அற்றவர் ஒருவர்க்குக் கொடுத்து மற்றொருவர்க்கு மறுப்பது எங்ஙனம்? அறிவு வெளியிலிருந்து வருவதன்று. அது உயிரின் இயல்பு. ஞானாவரணீய கன்மம் என்னும் திரை அதனை மறைத்திருக்கிறது. அத்திரை ஓரளவு விலகியும் ஓரளவு அடங்கியும் நிற்கும்போது அறிவு அந்த அளவுக்கு ஒளி வீசுகிறது. மேகம் விலகினால் ஞாயிறு தோன்றும். மேகம் ஞாயிற்றைப் படைப்பதில்லை.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐவகை ஞானங்களை வகுத்தார். அவை மதி, சுருதம், அவதி, மனபர்யயம், கேவலம் என்பன. மதிஞானத்தைக் கூறுமிடத்து, நினைவையும் அதனுள் அடக்கினார். சுருத ஞானம் மதிஞானத்தை முன்னிட்டே தோன்றும் என்றும் உரைத்தார். கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும், நெஞ்சில் நிறுத்தியதும் முன்னே வர, சொல்லால் ஆகிய அறிவு அதன் பின்னே வரும். நினைவே கலைமகளிரின் தாய் என்று கிரேக்கர் கதையாகச் சொன்னதும், நம் ஆச்சாரியர் சூத்திரமாகச் சொன்னதும் இவ்விடத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. வேறுபாடும் உண்டு. அவர்கள் தரும் கையைக் கண்டனர். நாம் விலகும் திரையைக் காண்கிறோம்.

“அங்ஙனமாயின் பக்தியால் பயன் இல்லையோ?” என்று சிலர் வினவலாம். பயன் உண்டு. பக்தாமரத் தோத்திரத்தில் மானதுங்க ஆச்சாரியர், தம் அறிவு சிறிதெனினும் பக்தியே தம்மைப் பேசத் தூண்டுகிறது என்னும் பொருள்படப் பாடினார். போற்றுவதால் போற்றப்படுபவர் மகிழ்ந்து கொடுப்பதில்லை. போற்றுபவர் உள்ளம் தூயதாகிறது. தூய உள்ளத்தில் திரை மெலிகிறது.

ஓரெழுத்து மிகையும் ஓரெழுத்துக் குறையும்

சுருத பஞ்சமி நாளில் நாம் நினைக்கும் வரலாறு, நம் வினாவுக்கு நேரான விடையாகும். கிர்நார் மலையின் சந்திரக் குகையில் வாழ்ந்த தரசேன ஆச்சாரியர், தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடுமோ என்று அஞ்சினார். தென்னாட்டிலிருந்து இரு முனிவர் அவரிடம் வந்தனர். அவர்களைச் சோதிக்க விரும்பிய ஆச்சாரியர் ஆளுக்கொரு மந்திரம் அளித்து, நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். ஒருவர் மந்திரத்தில் ஓரெழுத்து மிகை. மற்றவர் மந்திரத்தில் ஓரெழுத்துக் குறை.

ஓதி முடித்தபோது தேவியர் இருவர் தோன்றினர். ஒருத்திக்குப் பற்கள் வெளியே நீண்டிருந்தன. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தேவியர் வடிவம் இவ்வாறு இருத்தல் இயல்பன்று என முனிவர் எண்ணினர். தேவியரைக் குறை கூறவில்லை. மந்திரத்தை இலக்கண நெறியால் ஆராய்ந்தனர். மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தேவியர் எழிலுருவோடு தோன்றினர். முனிவரோ அவர்களிடம் எதுவும் வேண்டவில்லை. நிகழ்ந்ததை ஆச்சாரியரிடம் உரைக்க, அவர் மகிழ்ந்து அவர்களுக்கு ஆகமம் கற்பித்தார். அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். அவர்கள் இயற்றிய சட்கண்டாகமம் நிறைவெய்திச் சுவடியாக வழிபடப்பெற்ற நாளே சுருத பஞ்சமி.

தெய்வம் தோன்றிய பின்னும் பிழை எங்கே எனத் தம் ஓதலில் தேடியவர்கள் அவர்கள். தோன்றியது குறையுடையதாயின், குறை நம் எழுத்தில் உள்ளது. எழுத்தைத் திருத்த இலக்கணம் வேண்டும். கவிதை எழுதும் சிறார்க்கு இதனினும் சிறந்த முதற்பாடம் எமக்குத் தெரியவில்லை.

தேவரும் நரியும்

தமிழுக்கு வருவோம். துறவிகளாகிய சமணர் துறவைப் பாடவல்லரே அன்றி இன்பச் சுவை பாட அறியார் என்று மதுரையில் புலவர் சிலர் கூறக்கேட்ட திருத்தக்க தேவர், காப்பியம் ஒன்று பாட விரும்பினார் என்பது செவிவழி வரலாறு. அவருடைய ஆசிரியர் உடனே இசைவு தரவில்லை. அப்போது அவ்வழியே ஓடிய நரி ஒன்றைக் காட்டி, இதனைப் பாடுக என்றார். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். யானையை எய்த வேடனும், அவனைத் தீண்டிய பாம்பும், வீழ்ந்த யானையும் ஒருங்கே இறந்து கிடக்க, அங்கு வந்த நரி நாள்கணக்கில் உண்ணத் திட்டமிட்டு, முதலில் வில்லின் நாணைக் கடித்து, வில் தெறித்து மாண்ட கதையால் நிலையாமையை உணர்த்தும் சிறுநூல் அது.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்பது பயிற்சிப் பள்ளியில் யாம் கற்ற முதல் நெறி. அந்த ஆசிரியர் நாமகளை வேண்டி நோன்பிருக்குமாறு மாணவரிடம் கூறவில்லை. கண்முன் ஓடியதைக் காட்டினார். பின்னர்க் காப்பியத்திற்கு இசைவு தந்து, தாம் ஒரு வாழ்த்துப் பாடிக் கொடுத்தார். மாணவர் பாடிய சித்தர் வாழ்த்து அதனினும் சிறந்திருக்கக் கண்டு, மாணவர் பாட்டையே நூலின் முதலில் வைக்கச் செய்தார் என்றும் கூறுவர். தம் பாட்டை இரண்டாவதாக வைக்க ஒப்பிய ஆசிரியரை எண்ணும்தோறும் எம் தலை தாழ்கிறது.

அவ்வாறு பிறந்த சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களை உடையது. மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. முதல் இலம்பகத்தின் பெயர் நாமகள் இலம்பகம். இறுதி இலம்பகம் முத்தி இலம்பகம். சீவகன் அச்சணந்தி ஆசிரியரிடம் கலைகளைக் கற்றதையே நாமகளை மணந்ததாகக் கொண்டனர். தேவரின் நாமகள் வரம் தரும் தெய்வமாக வாராமல், கற்பவன் கைப்பிடிக்கும் மணமகளாக வருகிறாள். அவளை அடைய ஆசிரியர் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். அவளில் தொடங்கிய வாழ்வே வீடுபேற்றில் முடிகிறது.

நம் பகுதி தரும் சான்று

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் நம் குடும்பங்கள் மிகுதியில்லை. ஆயினும் நம் முன்னோர் நூல்கள் இம்மண்ணில் செய்த பணியைப் பலர் அறியார். 1855 ஆம் ஆண்டு பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், இளமையில் தந்தையாரோடு அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார் அவருக்குத் தமிழில் சுவை உண்டாக்கினார். பின்னர்ச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். செய்யுள் இயற்ற வேண்டும் என்று ஏங்கிய அச்சிறுவனுக்குத் தளையும் தொடையும் கற்பித்த அந்நூல் யாருடையது? அமிதசாகரர் என்னும் சமண முனிவருடையது. 1871 இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடையும் முன்னரே, இவ்வூர்ப்புறத்துத் திண்ணைகளில் அவருடைய யாப்பறிவு வேர்கொண்டுவிட்டது.

காரிகையில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு பெண்ணை முன்னிறுத்தி அவளுக்குக் கூறுவதாகவே அந்நூல் அமைந்துள்ளது. இதனை மகடூஉ முன்னிலை என்பர். பிற நாட்டுப் புலவன் ஒரு பெண் தெய்வத்தை விளித்துக் கவி தருமாறு இரந்தான். நம் முனிவர் ஒரு பெண்ணை விளித்துக் கவியின் இலக்கணத்தைக் கற்பித்தார். எம் பேத்தி இதனைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

1880 இல் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணிச் சுவடியைக் கையிலெடுத்தார். சமயச் செய்திகள் விளங்கவில்லை. அவர் தேடிச் சென்றது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை. அவர்கள் சிந்தாமணியை நெடுநாள் ஓதி முடித்து, அந்நிறைவைத் தோரணம் கட்டித் திருவிழாவாகக் கொண்டாடியதைக் கண்டு அவர் வியந்தார். நம் குடும்பங்களில் சமய நூலறிவு மிக்கோர் அவருடைய ஐயங்களை நீக்கினர். 1887 இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. சங்க நூல்களும் காப்பியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையால் வெளிவந்தன.

ஓதி வந்த குடும்பங்கள் இல்லாதிருப்பின்? வளையாபதியை நினையுங்கள். அதுவும் நம்மவர் பாடிய பெருங்காப்பியமே. இன்று சிதறிய சில பாடல்களே எஞ்சின. பாடியவர்க்கு அருள் குறைந்ததாலன்று. ஓதும் வாய்களும் படியெடுக்கும் கைகளும் குறைந்ததால் அது மறைந்தது. கவிஞனுக்கு ஊக்கம் தருவது எதுவாயினும், கவிதைக்கு உயிர் தருவது கேட்கும் குடும்பமே.

எம் பிழை

இனி எம் பிழையைக் கூற வேண்டும். பணியேற்ற புதிதில், யாம் பணியாற்றிய பள்ளியொன்றில், மாணவன் ஒருவன் ஏட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிய பாடல்களைக் கொண்டுவந்து காட்டினான். எழுத்துப்பிழை மலிந்திருந்தது. “கவி பாடுதல் பிறவியிலேயே வருவது. உனக்கு அது வாய்க்கவில்லை, பாடத்தைப் படி” என்றோம். நன்மை செய்வதாகவே எண்ணினோம். பல்லாண்டுகள் கழித்து, சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் ஓட்டுநராக அவரைக் கண்டோம். வணங்கி நலம் கேட்டார். “இப்போதும் எழுதுவதுண்டா?” என்றோம். “அன்றைக்கே விட்டுவிட்டேன், டீச்சர். எனக்கு வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்பில் குறை சொல்லும் நோக்கம் சிறிதும் இல்லை.

அன்றிரவு தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டினோம். ஞானாவரணீய கன்மம் உயிரில் வந்து சேர்வதற்கான காரணங்கள் ஆறு அங்கே கூறப்பட்டுள்ளன: மெய்யறிவு கேட்டு உள்ளத்தில் வெறுப்புறுதல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கற்பியாதிருத்தல், பிறர் கல்விக்கு இடையூறு செய்தல், பிறர் வெளிப்படுத்தும் அறிவைத் தடுத்தல், நல்லறிவின்மேல் குற்றம் கூறுதல். நான்காவதையும் ஐந்தாவதையும் படித்தபோது எம் கை நடுங்கிற்று. அந்தப் பிள்ளைக்குத் திரையிட்டோம். அதனால் எம் உயிரின்மேலும் ஒரு திரையை இழுத்துக்கொண்டோம். “உனக்கு வராது” என்னும் சொல்லைத் தாயோ தந்தையோ ஆசிரியரோ எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் நெறியில் அது வெறும் சொல் அன்று, வினை.

அதன் பின்னர் எம் வகுப்பு முறையை மாற்றினோம். இப்பகுதியெங்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலாக இருந்தது. சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில் கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் பிள்ளைகள் எளிதில் பொறுக்கி வருவர். ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்து, “கண்டதை மட்டும் எழுதுங்கள், அழகாக எழுத வேண்டா” என்போம். தேவரின் ஆசிரியர்க்கு நரி, எமக்குச் சிப்பி. எழுதாத பிள்ளை என்று ஒருவரும் இருந்ததில்லை. எல்லாரும் கவிஞர் ஆகிவிடவில்லை. ஆனால் எவரும் தமக்கு வராது என்று எண்ணிக்கொண்டு வகுப்பைவிட்டுச் செல்லவில்லை.

நிறைவுரை

சுருத பஞ்சமியன்று சுவடிக்கு மலரிட்டு வணங்கிய பின், பேத்தியின் கையிலும் கற்சிப்பி ஒன்றைக் கொடுத்தோம். மாலைக்குள் எட்டு அடிகள் எழுதி வந்தாள். கடல் போன பின்னும் சிப்பி போகாமல் காத்திருந்ததாக எழுதியிருந்தாள். ஓரிடத்தில் ஓரசை மிகுந்திருந்தது. ஓரிடத்தில் ஓரசை குறைந்திருந்தது. எங்கே என்று மட்டும் காட்டினோம், திருத்தித் தரவில்லை. காரிகையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றாள்.

நாமகள் யாருக்கு அருள்வாள் என்று கேட்டால், ஓதுவார்க்கும், உற்று நோக்குவார்க்கும், தம் பிழையைத் தாமே தேடுவார்க்கும் என்போம். அவ்வருளைப் பிறர்க்குத் தடுக்காதிருத்தல் பெரியோராகிய நம் கடமை.

இல்லத்தில் கலந்து பேசுவதற்கு

1. அருகப் பெருமான் வரம் அளிப்பதில்லை எனின், நாம் அவரைப் போற்றுவது எதற்காக?
2. தேவியர் குறையுருவில் தோன்றியபோது புட்பதந்தரும் பூதபலியும் செய்தது யாது? நாமாயின் என்ன செய்திருப்போம்?
3. கல்வியைச் சிந்தாமணி ஒரு திருமணமாகக் கொண்டது ஏன்?
4. நம் இல்லத்தில் ஓதப்படும் தமிழ்ச் சமண நூல் எது? ஏதும் இல்லையெனின், வரும் சுருத பஞ்சமிக்குள் எதனைத் தொடங்கலாம்?
5. சிறார்க்கு: உங்கள் வீட்டு வாயிலில் இன்று கண்ட ஒன்றை எட்டு அடிகளில் எழுதிப் பெரியோரிடம் காட்டுங்கள். பெரியோர்க்கு: “வராது” என்னும் சொல்லை மட்டும் கூறாதீர்கள்.

அறம் வளர்க!